சுவர்களில் வந்த ஆடிப்பெருக்கு

மஞ்சணாற்றில் தண்ணீர் பார்த்துப் பல வருஷமாகி, ஆறு இருந்த இடத்தில் டிப்பர் லாரித் தடமும் கருவேல முள்ளும் மட்டும் மிஞ்சி, வெளியூரிலிருந்து வாக்கப்பட்டு வந்த பெண்களிடம் "இதுதான் எங்க ஆறு" என்று சொல்லக் கூச்சப்பட்டு நாங்கள் பேச்சை மாற்றிக்கொண்டிருந்த காலத்தில், ஆடிப் பதினெட்டாம் பெருக்கு அன்று காலையில், எங்கள் நடுக்கரை ஊரில் ஆற்று மணலால் கட்டிய வீட்டுச் சுவர்களில் எல்லாம் தண்ணீர் ஓட ஆரம்பித்தது. முதலில் பார்த்தது குழாய்க்கடை வைத்திருக்கிற நான்தான் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், ஆனால் பார்த்தது என் மனைவி கற்பகம். காப்பரிசிக்கு வெல்லம் நுணுக்கிக்கொண்டிருந்தவள் அடுப்பங்கரைச் சுவர் ஈரமாவதைப் பார்த்து, "ஏங்க, மேல டேங்க்குல தண்ணி ஏத்திட்டு மோட்டாரை நிறுத்தாம வந்துட்டீங்களா?" என்று கத்தினாள்.

"ஏத்துறதுக்குத் தண்ணி எங்கடி இருக்கு?" என்று நான் கேட்டு முடிப்பதற்குள் சுவரின் நடுவிலிருந்து ஒரு கெண்டை மீன் துள்ளி வந்து இட்லி மாவுப் பாத்திரத்தில் விழுந்தது. பெருக்கு நாளில் கவுச்சி கூடாது என்பதால் அதை ஒரு வாளியில் போட்டு வைத்து மறுநாள் குழம்பு வைத்தோம்.

மதியத்துக்குள் எல்லாத் தெருவிலும் இதே கதையாகிவிட்டது. ஒரு வீட்டில் சுவர் வழியாக நத்தையும் பாசியும் வந்தன, ஒரு வீட்டில் எப்போதோ ஆற்றோடு போன செம்பு வந்தது, எல்லா வீட்டிலும் புது வெள்ளத்தின் செம்மண் வாசனை வந்தது. ஏன் வருகிறது என்று கண்டுபிடிக்க டவுனிலிருந்து இரண்டு பேர் ஜீப்பில் வந்து, சுவரைத் தட்டிப் பார்த்து, மண்ணைப் பொட்டலம் கட்டி, கற்பகம் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள். எங்களுக்கு அந்தக் கேள்வியே எழவில்லை. ஆடி பிறந்தால் ஆறு வரும், ஆறு எங்கே இருக்கிறதோ அங்கே வரும். எங்கள் ஆறு எங்கள் சுவரில் இருந்தது, அதனால் சுவரில் வந்தது. அள்ளியவர்களும் நாங்கள்தான், சலித்துப் பூசியவர்களும் நாங்கள்தான், இதில் வாயைப் பிளக்க என்ன இருக்கிறது?

பெண்கள் அன்றைக்கே அடுப்பங்கரைச் சுவருக்கு மஞ்சள் பூசி, காதோலை கருகமணி வைத்து, சித்திரான்னம் படைத்து, சுவருக்கு முன்னால் உட்கார்ந்து தாலிச்சரடு மாற்றிக்கொண்டார்கள். நான் மறுநாளே சுவரில் துளை போட்டுக் குழாய் பதிக்கும் வேலையை ஆரம்பித்தேன், பித்தளைக் குழாயா பிளாஸ்டிக்கா என்று கேட்டு வாய் வலித்தது. தண்ணீர் கார்த்திகை வரைக்கும் வந்தது, மார்கழியில் நின்றது, அடுத்த ஆடியில் சொன்ன சொல் தவறாமல் திரும்ப வந்தது. சுவர் எவ்வளவு தடிமனோ அவ்வளவு தண்ணீர் என்பது அதற்குள் பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்துவிட்டது.

அப்புறம் ஊருக்கே சுவர்ப் பைத்தியம் பிடித்தது. பெண் பார்க்க வருகிறவர்கள் நகை எவ்வளவு என்று கேட்பதை விட்டு "செவுரு எத்தனை அடிங்க?" என்று கேட்டார்கள். இருந்த சுவரோடு இன்னொரு சுவரை ஒட்டிக் கட்டினார்கள், அதோடு இன்னொன்றை ஒட்டினார்கள், வீடு வெளியே வளர இடமில்லாதவர்கள் உள்ளே வளர்த்தார்கள், கூடம் சுருங்கிப் படுக்கையறை சுருங்கி, கடைசியில் கட்டில் போட இடமில்லாமல் புருஷனும் பெண்டாட்டியும் பிள்ளைகளும் தெருவில் பாய் விரித்துக்கொண்டு, உள்ளே தண்ணீர் பத்திரமாக ஓடுகிற சத்தத்தைக் கேட்டபடி நிம்மதியாகத் தூங்கினார்கள். நாங்களும் அப்படித்தான் தூங்கினோம், எனக்கு அப்படியொரு தூக்கம் அதற்கு முன்னால் வந்ததில்லை. அத்தனை சுவருக்கும் மணல் வேண்டுமல்லவா? முன்னே நாளுக்கு நாலு லாரி இறங்கிய ஆற்றில் இப்போது எறும்பு வரிசை மாதிரி லாரி இறங்கியது.

ஊரில் ஒருவர் மட்டும் ஆற்று மணலைத் தொடாதவர். ஞானசேகரன் என்று, உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் வாத்தியார். ஆறு செத்துப்போகும் என்று சொல்லி, கல்லை உடைத்த எம்-சாண்டில்தான் வீடு கட்டினார். இப்போது ஊரிலேயே காய்ந்த வீடு அவருடையதுதான். அவர் சம்சாரம் குடத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய் நிற்க வேண்டியிருந்தது, மூத்த பெண்ணைக் கேட்டு வந்த இரண்டு வரன்களும் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் காப்பி குடிக்காமலே எழுந்து போனார்கள். "நல்லவர்தான் பாவம், பிழைக்கத் தெரியல" என்று நாங்கள் அவர் காது படவே சொன்னோம். அவர் ஒரு நாள் டீக்கடையில் லாரி முதலாளி துரைக்கண்ணுவிடம் நேராகக் கேட்டேவிட்டார்.

"மணலை ஆத்துலயே விட்டு வச்சா தண்ணி ஆத்துலயே வருமேங்க?"

"வரும் சார், நான் இல்லேங்கலை" என்றார் துரைக்கண்ணு. "ஆத்துல ஓடுனா அது யாரு தண்ணி? நம்மூரைத் தொட்டுட்டு அடுத்தூருக்குப் போயிரும், அங்கேருந்து கடலுக்குப் போயிரும். செவுத்துல வந்தா அது உங்க தண்ணி, என் தண்ணி. எது நல்லதுன்னு நீங்களே சொல்லுங்க, நீங்க படிச்சவரு."

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் தலையாட்டினோம். துரைக்கண்ணுவைக் கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாக வந்து நிற்பார், படிக்கிற பிள்ளைகளுக்குச் சம்பளம் கட்டுவார், ஊர்க் கல்யாண மண்டபத்துக்கு வேண்டிய மணல் முழுவதையும் சும்மா கொடுத்தார். அந்த மண்டபத்தைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

மண்டபம் கட்டியது, சுவர்களில் தண்ணீர் வருவதற்கு முந்தின வருஷம். அந்த வருஷ ஆடிப் பதினெட்டுக்கு ஆற்றில் தண்ணீர் இருந்தது ஒரே இடத்தில்தான், மணல் அள்ளிய குழியில். வருஷத்துக்கு ஒரு நாள், அதை விடலாமா? எல்லாப் பெண்களும் தாம்பாளத்தோடு அந்தக் குழியைச் சுற்றி நின்று, அதையே ஆறென்று கும்பிட்டார்கள். லாரி டிரைவர் அய்யாவுவின் மனைவி பூங்காவனமும் மகள் இந்துமதியும் வந்திருந்தார்கள். இந்துமதி நாலாம் வகுப்பு படித்தாள், எங்கள் எதிர்வீடு, வாயாடி. தண்ணீர் குடித்தால் அவளுக்கு விக்கல் வந்துவிடும். சொம்பைக் கீழே வைக்கும் முன்னே விக்குவாள், "யாரோ என்னைய நினைக்கிறாங்க!" என்று பெருமையாகச் சொல்வாள். கருகமணியைத் தண்ணீரில் விட அம்மாவுக்கு முன்னால் அவள்தான் இறங்கினாள். குழியின் ஓரம் மொத்தமாகச் சரிந்து அவள் மேல் விழுந்தது.

துரைக்கண்ணு தன் பொக்லைன் இயந்திரங்கள் எல்லாவற்றையும் கொண்டுவந்து இறக்கினார். மூன்று நாள் தோண்டினார்கள். ஆற்றையே புரட்டிப் போட்டார்கள், அவள் கிடைக்கவில்லை. எங்கள் ஆறு அப்படித்தான், உள்ளே வந்ததை அப்படியே வைத்துக்கொள்ளாது, மணலோடு மணலாக்கிவிடும். தேடித் தோண்டிய மணல் கரையில் மலைபோலக் கிடந்தது. அள்ளிய மணலைத் திருப்பிக் குழியில் கொட்டுகிறவர் உலகத்தில் உண்டா? மண்டபத்துக்கு அஸ்திவாரம் முடிந்து மணலுக்காக வேலை நின்றிருந்தது. பதினாறு நாள் கழிந்ததும் அந்த மணலை மண்டபத்துக்கு ஏற்றினார்கள். ஏற்றிக்கொண்டு போன லாரிகளில் ஒன்றை ஓட்டியது அய்யாவு. வேறு என்ன வேலை தெரியும் அவனுக்கு? லீவு எடுத்துக்கொள்ளச் சொன்னார் துரைக்கண்ணு, வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடிக்கிறது என்று அவன்தான் சாவியை வாங்கிக்கொண்டான்.

சுவர்களில் தண்ணீர் வந்த பிறகு, ஜில்லாவிலேயே நல்ல தண்ணீர் எங்கள் மண்டபத்துச் சுவரில்தான் என்று பெயராகிவிட்டது. கல்யாணம் நடக்கிற அன்று மேடைக்குப் பின்னால் இருக்கிற பெரிய சுவர் தானாகப் பந்திக்குத் தண்ணீர் கொடுக்கும். ஆனால் அந்தச் சுவருக்கு ஒரு கோளாறு இருந்தது. தண்ணீர் சீராக வராமல் அவ்வப்போது ஒரு இழுப்பு இழுத்து, "க்ஹிக்" என்று ஒரு சத்தம் போட்டு, அப்புறம் வரும். குழாயில் காற்று அடைத்திருக்கிறது என்று சொல்லி நானே மூன்று முறை குழாயை மாற்றினேன். மாற்றிக்கொண்டிருந்தபோது ஒரு தடவை, பந்தியில் இலை எடுத்துக்கொண்டிருந்த பூங்காவனம் கையிலிருந்த இலைகளை அப்படியே கீழே போட்டுவிட்டு வந்து சுவரோரம் நின்றாள். மகள் போன பிறகு அவள் மண்டபத்தில் இலை எடுக்கிற வேலைக்கு வந்துகொண்டிருந்தாள்.

"அண்ணே, குழாயைக் கழட்டாதீங்க" என்றாள். காதைச் சுவரில் வைத்தாள். கண்ணை மூடினாள். சுவர் விக்கியது. கண்ணைத் திறந்தாள், நின்றது. மறுபடி மூடினாள், மறுபடி விக்கியது. "நான் நினைக்கிறேன்ணே. நினைக்க நினைக்க அவளுக்கு வருது" என்றாள். நான் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டேன்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டம் மண்டபத்திலேயே கூடியது. பூங்காவனம் சபையில் பேசிப் பழக்கமில்லாதவள், முந்தானையை இரண்டு கையிலும் முறுக்கிக்கொண்டு நின்றாள். அய்யாவு ஒரு தூணுக்குப் பின்னால் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அந்த மண்டபத்துச் சுவரில் சாய்ந்து நான் பார்த்ததேயில்லை.

"எனக்கு வேற ஒண்ணும் வேணாங்க. இந்த ஒரு செவுத்தை மட்டும் இடிச்சு, மண்ணை ஆத்துல கொண்டு போய்ப் போட்டுருங்க. எம்புள்ளைக்குக் காரியம்கூடப் பண்ணலை. உசுரோட இருக்கறப்பயே தண்ணி குடிச்சா விக்கல் நிக்காது அவளுக்கு. இப்பத் தண்ணிக்குள்ளயே நிக்க வச்சிருக்கோம். ஆத்துல போட்டா அவ பாட்டுக்குப் போயிருவா."

யாரும் அவள் சொன்னதை நம்பாமல் இல்லை, அதை முதலில் சொல்லிவிட வேண்டும். "எங்க, நினைச்சுக் காட்டு தாயி" என்று யாரோ கேட்டார்கள், அவள் கண்ணை மூடினாள், சுவர் விக்கியது, சபை முழுக்கக் கேட்டது. பெண்கள் பக்கத்தில் ஒரே அழுகை. கற்பகம் மூக்கைச் சிந்திச் சிந்தி என் துண்டையே நனைத்துவிட்டாள். நானும் அழுதேன், பொய்யில்லை. அழுது முடித்துக் கண்ணைத் துடைத்த பிறகு எல்லாரும் யோசிக்க ஆரம்பித்தோம். ஆவணியில் முகூர்த்தம் குறித்தவர்கள் எத்தனையோ பேர். மேலத்தெரு முழுக்கக் குடிப்பது இந்தச் சுவர்த் தண்ணீர். இந்தச் சுவரை எடுத்தால் கூரை நிற்குமா? ஒரு சுவரை ஆற்றில் போட்டால் நாளைக்கு இன்னொருத்தர் வந்து என் அப்பா அஸ்தி உன் வீட்டுச் சுவரில் இருக்கிறது என்று கடப்பாரையைத் தூக்கமாட்டாரா? இப்படி ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள், எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது.

ஞானசேகரன் வாத்தியார் எழுந்தார். "ஒரு செவுருதானே, இடிச்சுருவோம். அந்தம்மா கேக்கறது நியாயம்" என்றார்.

"சார் வீட்டுல போன மாசம் அடுப்பங்கரைக்குப் புதுச் செவுரு வச்சீங்களே, அது எந்த மணல் சார்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. வாத்தியார் திரும்பிப் பார்க்கவில்லை. "மூத்தவளுக்கு வரன் வந்திருக்கு" என்று யாருக்கும் சொல்லாத மாதிரிச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவருக்குப் பிறகு யாரும் இடிப்பதைப் பற்றிப் பேசவில்லை.

கடைசியாக துரைக்கண்ணு எழுந்து சுவருக்குப் பக்கத்தில் போய் நின்றார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. சுவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "இடிக்கறதா? என்ன பேச்சுப் பேசறோம்? ஆடிப்பெருக்கு அன்னைக்கு, கையில கருகமணியோட, வயசுக்கு வராத கன்னிப் புள்ள ஆத்துல போயிருக்கு. அதுக்குப் பேரு சாவா? அவ தெய்வம். நம்ம ஊரைத் தேடி வந்து நின்ன செவுத்தைக் கடப்பாரையால குத்தச் சொல்றீங்களா?" என்று சபையைப் பார்த்துக் கேட்டார்.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குலவை எழுந்தது, அதோடு இன்னொன்று, அதோடு எல்லாரும். பூங்காவனம் குலவைச் சத்தத்துக்கு நடுவில் என்னவோ சொன்னாள், அவள் வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது.

அந்த வெள்ளிக்கிழமையே சுவருக்கு மஞ்சள் பூசி, வெள்ளியில் கண் வைத்து, சிவப்புப் பாவாடை கட்டி, விக்கலம்மன் என்று பெயரும் வைத்தாயிற்று. யாரோ நம்மை நினைத்தால்தானே விக்கல் வரும்? அப்படியானால் அம்மனை நினைத்து வேண்டிக்கொண்டு நிற்கும்போது அவள் விக்கினால் காரியம் பலிக்கும், விக்காவிட்டால் பலிக்காது. கணக்கு அவ்வளவு சுத்தம். வெளியூரிலிருந்து வேன் போட்டுக்கொண்டு வந்தார்கள். வந்து நின்று மணிக்கணக்கில் நினைத்தார்கள், அம்மன் அசையவில்லை. எங்கே விக்குவாள்? இந்துமதியை இந்துமதியாக நினைக்கிற ஆள் ஊரில் ஒருத்திதான் இருந்தாள், அவளோ பிள்ளைக்கு விக்கல் எடுக்கக் கூடாது என்று நினைப்பை அடக்கிக்கொண்டு, விறகைப் பிளந்து, ஊர்த் துணியைத் துவைத்து, தலையில் அடித்துக்கொண்டு வீட்டுக்குள் கிடந்தாள்.

துரைக்கண்ணுவும் பூசாரியும் நானும் அவள் வீட்டுக்குப் போனோம். எதிர்வீட்டுக்காரன், சொன்னால் கேட்பாள் என்று என்னைக் கூட்டிப் போனார்கள்.

"தாயி, வெள்ளிக்கிழமை பூசைக்கு மட்டும் வந்து நின்னு கொஞ்சம் நினைச்சுட்டுப் போயிரு. முதல் மரியாதை உனக்குத்தான்" என்றார் துரைக்கண்ணு.

"எனக்கு மரியாதை வேணாங்க. எம்புள்ளையக் குடுங்க."

"செவுத்தை இடிக்க முடியாதும்மா. அது இனிமே கர்ப்பக்கிரகம்" என்றார் பூசாரி.

"ஒரு கைப்பிடி" என்றாள் பூங்காவனம். "நான் வந்து நினைக்கிற ஒவ்வொரு வெள்ளிக்கும் செவுத்துலேருந்து ஒரு கைப்பிடி மண்ணு சுரண்டிக் குடுங்க. நான் அதை ஆத்துல போட்டுக்கறேன். எத்தனை வருஷம் ஆனாலும் கொண்டு போய்ச் சேர்த்துருவேன்."

இதற்கு யாருக்கு என்ன ஆட்சேபணை இருக்க முடியும்? பிரசாதம் மாதிரிதானே! நாங்கள் சந்தோஷமாக எழுந்து வந்தோம். அதிலிருந்து ஒவ்வொரு வெள்ளியும் பூங்காவனம் குளித்து, ஈரத்தலையோடு வந்து, சுவருக்கு முன்னால் நின்று கண்ணை மூடுவாள். தண்ணீர் நின்றுபோன மாசங்களிலும் அம்மன் விக்குவாள். கூட்டம் "தாயே!" என்று கையெடுக்கும். அவள் முகம் மட்டும், சூடு வைத்தது போல ஒவ்வொரு விக்கலுக்கும் சுருங்கும். பூசாரி வாழை இலைத் துண்டில் ஒரு கைப்பிடி மண்ணைச் சுரண்டித் தருவார். அவள் அதை இரண்டு கையிலும் ஏந்தி, யாரோடும் பேசாமல், லாரிகள் வருகிற வழியிலேயே ஓரமாக நடந்து ஆற்றுக்குப் போய், மகள் விழுந்த அதே குழியில் கொட்டி, மஞ்சள் நூலில் ஒரு கருகமணியைக் கோத்துத் தானே முடிச்சுப் போட்டு, மேலே வைத்துவிட்டு வருவாள்.

அவளுக்குக் கொடுப்பதைப் பார்த்து மற்றவர்களும் மண் கேட்டார்கள். கேட்கத்தானே செய்வார்கள்? கல்யாணம் ஆகாதவர்கள் இடுப்பில் முடிந்துகொள்ள, பிள்ளை இல்லாதவர்கள் பாலில் கலந்து குடிக்க, புதுவீடு கட்டுகிறவர்கள் சாந்தில் ஒரு சிட்டிகை சேர்க்க என்று வரிசை தெருமுனை வரைக்கும் நின்றது. வருஷம் திரும்புவதற்குள் சுவர் பாதியாகக் கரைந்துவிட்டது. பூங்காவனத்தின் முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் தெளிச்சி வந்தது. "இன்னும் பாதிதாண்ணே" என்று வாசல் தெளிக்கும்போது என்னைப் பார்த்துச் சொன்னாள். மண்டபக் கமிட்டிக்கோ கவலை பிடித்துக்கொண்டது. அம்மன் கரைந்து போனால் ஊர் என்ன ஆவது? கூட்டம் போட்டு, சுவரின் பின்பக்கத்திலிருந்து புது மணலும் சாந்தும் வைத்து அணைத்துக் கட்டிக்கொண்டே வருவது என்று முடிவு செய்தார்கள். முன்னால் சுரண்டச் சுரண்டப் பின்னால் வளர்ந்தது. பார்ப்பவர்கள் அம்மன் தானாக வளர்கிறாள் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அடுத்த ஆடிப்பெருக்கு வெள்ளிக்கிழமையிலேயே வந்தது. கூட்டம் சொல்ல வேண்டியதில்லை. பூங்காவனம் நின்றாள், நினைத்தாள், சுவர் விக்கியது, பூசாரி சுரண்டி இலையில் வைத்துக் கொடுத்தார். அவள் திரும்பியவள் நின்றுவிட்டாள். இலையில் மண்ணுக்கு நடுவில் ஒரு கருகமணி இருந்தது, மஞ்சள் நூலோடு, அவள் போட்ட முடிச்சோடு.

"அம்மன் கருகமணி குடுத்துட்டா!" என்று பூசாரி கத்தினார். கூட்டம் ஆவேசமாகிக் குலவை போட்டது, நாலைந்து பெண்களுக்குச் சாமி வந்துவிட்டது. பூங்காவனம் அந்தச் சத்தத்துக்குள்ளிருந்து வழி விலக்கிக்கொண்டு மண்டபத்துக்குப் பின்பக்கம் போனாள். அங்கே மணல் ஏற்றிய லாரியில் அய்யாவு உட்கார்ந்திருந்தான். கழற்றிப் போட்ட என் செருப்பை எடுக்கப் போன நானும் அங்கேதான் இருந்தேன்.

"இந்த மண்ணு எங்க ஏத்துனது?" என்று கேட்டாள்.

அவன் அவள் கையைப் பார்த்தான். கருகமணியைப் பார்த்தான்.

"நீ போடுற குழியிலதான். அங்க மட்டுந்தான் மணல் நயமா இருக்கு, நல்லாத் தண்ணி விடுதுன்னு எல்லாரும் அதையே கேக்குறாங்க."

"எல்லாரும்னா?"

"மண்டபத்துக்கு ரெண்டு நடைதான். மிச்சமெல்லாம் ஊருக்குள்ள. எந்த வீடுன்னு சொல்லட்டும்? ஒரு வருஷமா எல்லா வீட்டுக்கும் அதைத்தான் அடிக்கறோம்." அவன் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டான்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. கையிலிருந்த மண்ணைக் கொட்டவும் இல்லை, ஆற்றுக்கும் போகவில்லை, எங்கள் தெருவைப் பார்த்து நடந்தாள். நான் செருப்பைக் கையில் பிடித்தபடி பின்னாலேயே போனேன். வெயில் உச்சிக்கு வந்திருந்தது. வீடு வீடாகப் பெருக்குப் பூசை நடந்துகொண்டிருந்தது, சாம்பிராணிப் புகையும் எலுமிச்சைச் சாத வாசனையும் தெருவில் வந்தன. நடுத்தெருவில் எங்கள் வீட்டுக்கு நேராக வந்ததும் அவள் நின்றாள். ஒரு வருஷமாக வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாளெல்லாம் அடக்கி வைத்திருந்ததை அவிழ்த்துவிட்டது போலக் கண்ணை மூடினாள், "இந்து" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள்.

முதலில் வாத்தியார் வீட்டில் இந்த வருஷம் ஒட்டிக் கட்டிய சுவர் விக்கியது. அப்புறம் அதற்கு அடுத்த வீடு. அப்புறம் எதிர்வரிசை. அப்புறம் கீழத்தெருவிலிருந்தும் மேலத்தெருவிலிருந்தும் சத்தம் வந்தது, மூச்சுக்குத் தவிக்கிற ஒரே பிள்ளையின் விக்கல் ஊர் முழுக்க, எந்தப் பக்கம் காதைத் திருப்பினாலும். அவள் காதைப் பொத்திக்கொண்டாள். நினைப்பை நிறுத்தத்தான் பார்த்தாள், அவளால் முடியவில்லை, முடியாதென்று எனக்குத் தெரிந்தது. ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

அதற்குள் கற்பகம் அடுப்பங்கரையிலிருந்து கற்பூரத் தட்டோடு வாசலுக்கு ஓடி வந்தாள். "ஏங்க, நம்ம வீட்டுக்கும் வந்துட்டா!" என்று சந்தோஷத்தில் குரல் உடைந்து கூவினாள்.

பூங்காவனம் அப்போது எங்கள் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தாள்.